ரீயூனியனில் கார் ஓட்டுபவர்களுக்கு: ரேடார் டிடெக்டர் வேண்டாம், சட்டம் ஏற்கும் வேக எச்சரிக்கைக் கருவியைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும் முறை

ரீயூனியன் தீவின் கிழக்கிலுள்ள சென்-ஆந்த்ரேயில் குடியேறிய முதல் ஆண்டில் நான் பழைய கார் ஒன்றை வாங்கினேன். ஆறு மாதத்துக்குள் வேக மீறலுக்காக இரண்டு அபராதக் கடிதங்கள் வந்தன. மூன்றாவது வராமல் தடுக்க, வேகம் அளக்கும் ரேடாரை முன்கூட்டியே கண்டறிந்து ஒலிக்கும் ரேடார் டிடெக்டர் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம் என்று முடிவு செய்து, இணையத்தில் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரத்திலேயே முன் பம்பரில் ஏற்பட்ட சிறு நசுங்கலைச் சரிசெய்யக் காரை கராஜில் விட்டேன். பம்பரைக் கழற்றிய மெக்கானிக் என்னை அழைத்து, கிரில்லுக்குப் பின்னால் திருகப்பட்டிருந்த உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றைக் காட்டி, இது உங்களுடையதா என்று கேட்டார். முந்தைய உரிமையாளர் பொருத்திவிட்டுச் சொல்லாமல் விற்ற ரேடார் டிடெக்டர் அது. அதைச் சுமந்துகொண்டு எட்டு மாதம் நான் தீவைச் சுற்றியிருக்கிறேன். வழியில் ஒரு ஜாந்தார்ம் (போலீஸ்காரர்) அதைக் கண்டுபிடித்திருந்தால் என் பெர்மியும் (ஓட்டுநர் உரிமம்) காரும் என்னவாகியிருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அதன்பின் சட்டத்தைப் படித்து, பலரிடம் கேட்டு, தவறுகள் செய்து கற்றுக்கொண்டவற்றை, புதுச்சேரியிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ மொரிஷியஸிலிருந்தோ வந்து இங்கே முதல்முறையாகக் கார் வாங்குபவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. வாங்குவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரீயூனியன் பிரான்சின் மாவட்டங்களில் ஒன்று என்பதால் பிரெஞ்சுப் போக்குவரத்துச் சட்டமே இங்கும் செல்லும். அச்சட்டத்தின் ஆர் 413-15 என்ற பிரிவின்படி, ரேடாரைக் கண்டறியும் கருவியையோ அதன் வேலையைக் குலைக்கும் கருவியையோ பயன்படுத்துவது மட்டுமல்லாமல், கையில் வைத்திருப்பதும் வண்டியில் எடுத்துச் செல்வதும் குற்றம். கருவி அணைத்திருந்தது, உறைக்குள் இருந்தது, நான் பொருத்தவில்லை என்பவை விளக்கங்களாகலாம். குற்றத்தை இல்லாமல் ஆக்கிவிடாது. தண்டனை 1500 யூரோ வரை அபராதம், பெர்மியிலிருந்து 6 புள்ளிகள் குறைப்பு, நீதிமன்றம் நினைத்தால் மூன்று ஆண்டுகள் வரை பெர்மி இடைநிறுத்தம். கருவி பறிமுதலாகும், அது வண்டியோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருந்தால் வண்டியையே பறிமுதல் செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

இந்த 6 என்ற எண்ணைப் புதியவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இங்கே புதிதாகத் தேர்வெழுதிப் பெர்மி பெற்றவருக்குத் தொடக்கத்தில் 12 புள்ளிகள் கிடைப்பதில்லை. 6 புள்ளிகளே கிடைக்கின்றன. மூன்று ஆண்டுச் சோதனைக் காலத்தில் தவறில்லாமல் ஓட்டினால் ஆண்டுக்கு இரண்டிரண்டாக ஏறி 12 ஆகும். ஆகவே முதல் ஆண்டில் இருக்கும் ஒருவரின் காரில் டிடெக்டர் பிடிபட்டால், மாதக்கணக்கில் பணமும் நேரமும் செலவழித்துப் பெற்ற பெர்மி, அந்த ஒரே குற்றத்தில் புள்ளிகள் தீர்ந்து செல்லாததாகிவிடும்.

இன்னொரு பொறி உறவினர்களின் அன்பு வழியாக வருகிறது. சென்னையிலிருந்து வரவிருந்த என் மைத்துனர், மாப்பிள்ளைக்கு உதவியாக இருக்கட்டும் என்று அப்படி ஒரு கருவியை வாங்கி வருவதாகச் சொன்னார். நல்ல வேளையாக அதற்குள் சட்டத்தைப் படித்திருந்தேன். எல் 413-2 என்ற பிரிவின்படி இக்கருவிகளை இறக்குமதி செய்வதும் விற்பதும் விற்பனைக்கு வைப்பதும் இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனையும் 30 000 யூரோ அபராதமும் வரை போகக்கூடிய குற்றங்கள். வெளிநாட்டு இணையக் கடை உங்கள் முகவரிக்கு அனுப்பச் சம்மதிக்கிறது என்பதற்காக அது இங்கே சட்டபூர்வமான பொருள் ஆகிவிடாது. மற்ற நாடுகளில் விதி வேறாக இருக்கலாம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அந்தக் கருவியால் பயன் குறைவு. அது 10, 24, 34 கிகாஹெர்ட்ஸ் அருகிலான ரேடியோ அலைகளையும் லேசர் ஒளியையும் உணரக் காத்திருக்கிறது. ஆனால் கையில் பிடித்துக் குறிபார்க்கும் லேசர் கருவியின் கற்றை மிகக் குறுகியது. அது உங்கள் காரைத் தொட்டு டிடெக்டர் ஒலிக்கும்போது வேகம் அளக்கப்பட்டு முடிந்திருக்கும். இரண்டு இடங்களுக்கு இடையே சராசரி வேகத்தைக் கணக்கிடும் அமைப்போ எண் பலகையைப் படமெடுக்கும் கேமராக்களை நம்பியது. அங்கே கண்டறிய ரேடார் அலையே இல்லை. இதற்கு மாறாக, கடைகளின் தானியங்கிக் கதவுகளும் பக்கத்தில் வரும் கார்களில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைக் கவனிக்கும் உணரிகளும் 24 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குவதால், ஊருக்குள் நுழைந்ததும் அது காரணமின்றிக் கத்திக்கொண்டேயிருக்கும்.

2. உங்கள் காரில் ஏற்கெனவே ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்

பழைய கார் வாங்கியவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட காரை விற்பவர் ஆறு மாதத்துக்கு உட்பட்ட தொழில்நுட்பச் சோதனைச் சான்றைத் தர வேண்டும். அந்தச் சான்று கையில் இருப்பதால் எல்லாம் சரி என்று நானும் நம்பினேன். அந்தச் சோதனை பிரேக், டயர், விளக்கு, புகை ஆகியவற்றைப் பார்ப்பதற்கானது. பம்பருக்குப் பின்னால் இருக்கும் பெட்டியைத் தேடுவதற்கானது அன்று.

பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. முதலாவது முன் கிரில். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், ரேடியேட்டருக்கு முன்னால் தொழிற்சாலை வேலைப்பாடாகத் தெரியாத கறுப்புப் பெட்டியோ, எண் பலகையின் இரு பக்கமும் சிறு கண்ணாடி முகப்புள்ள உணரிகளோ இருந்தால் சந்தேகப்படுங்கள். பார்க்கிங் உணரிகள் பம்பரின் மேற்பரப்போடு சமமாக, வட்டமாக இருக்கும். அவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டி. அங்கே கூடுதலாகச் சொருகிய ஒயர் இருந்தால் அது எங்கே போகிறது என்று தொடர்ந்து பாருங்கள். மூன்றாவது, டேஷ்போர்டில் எதற்கென்று தெரியாத சிறு பொத்தானோ விளக்கோ. நான்காவது, முன்கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்க்க உதவும் நடுக் கண்ணாடிக்குப் பின்பக்கம். என் காரில் கிரில்லுக்குப் பின்னாலிருந்த பெட்டியோடு இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தன. சாவி போட்டதும் ஒளிரும் அந்தப் பச்சை விளக்கைத் திருட்டு அலாரத்தின் விளக்கு என்று எட்டு மாதம் எண்ணியிருந்தேன்.

கண்டுபிடித்தால் நீங்களே கழற்றி வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள்; வைத்திருப்பதும் குற்றம் என்பதை மறக்க வேண்டாம். கராஜிலேயே கழற்றச் சொல்லி, ஒயர் முனைகளை மூடச் சொல்லி, கருவியை அங்கேயே அழிவுக்கு ஒப்படைத்து, முந்தைய உரிமையாளர் பொருத்தியிருந்த விதிக்கு உட்படாத துணைக்கருவி அகற்றப்பட்டது என்று தேதியோடும் வண்டி எண்ணோடும் குறிப்பிட்ட பில்லை வாங்குங்கள். எனக்கு 90 யூரோ ஆனது. அந்தப் பில்லின் நகல் இன்றும் என் கார்க் கோப்பில் இருக்கிறது.

இன்னும் வாங்காதவர்கள், விற்பனைச் சான்றான செர்ஃபா 15776 படிவத்தில் கையெழுத்திடும் முன் விற்பவரிடம் இதை நேராகக் கேளுங்கள். வண்டியில் கூடுதலாகப் பொருத்தியவை எவையெவை என்று ஒரு தாளில் எழுதி வாங்கினால் பின்னால் பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

3. காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

கருவி பற்றிய கட்டுரையில் காகிதம் ஏன் என்று தோன்றலாம். என் முதல் அபராதத் தொகை ஏறியதற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல, முகவரியும்தான். ரேடார் எடுத்த படத்திலிருந்து வண்டி எண்ணைப் படித்து, கார்த் கிரீஸில் (வண்டிப் பதிவுச் சான்றில்) உள்ள பெயருக்கும் முகவரிக்கும் கடிதம் போகிறது. நான் வீடு மாறி நான்கு மாதம் ஆகியும் கார்த் கிரீஸில் பழைய முகவரியே இருந்தது. கடிதம் என் கைக்கு வருவதற்குள் காலக்கெடு கடந்து, 68 யூரோ 180 யூரோ ஆகிவிட்டது.

கார் வாங்கிய ஒரு மாதத்துக்குள் கார்த் கிரீஸை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். வீடு மாறினாலும் அதே ஒரு மாதக் கெடுதான். தவறினால் 135 யூரோ அபராதம். இரண்டும் அரசின் இணையதளத்தில் செய்யக்கூடியவை. முகவரி மாற்றம் முதல் மூன்று முறை இலவசம் என்பதால், பணம் கேட்கும் தனியார் தளங்களில் சிக்காமல் அரசுத் தளத்துக்கே செல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கு விற்பனைச் சான்று, பழைய கார்த் கிரீஸ், விற்பவர் தரும் விற்பனைக் குறியீடு, தொழில்நுட்பச் சோதனைச் சான்று, வீட்டு முகவரிக்கான சான்று, காப்பீட்டுச் சான்று, பெர்மி ஆகியவை தேவை. கட்டணத்தில் மண்டல வரி வண்டியின் திறனைப் பொறுத்தது. அதற்கு மேல் நிலையான 11 யூரோவும் அட்டையை அனுப்பும் செலவாக 2.76 யூரோவும் சேரும்.

பெர்மியில் எத்தனை புள்ளிகள் மீதம் உள்ளன என்பதையும் அரசின் இணையச் சேவையில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பலர் 12 இருப்பதாக நினைத்துக்கொண்டு 7-இல் ஓட்டுகிறார்கள்.

4. எந்தக் கருவி என்று தேர்ந்தெடுங்கள்

சட்டம் அனுமதிப்பது ஓட்டுநர் உதவிக் கருவி என்ற வகை. ரேடார் இந்த இடத்தில் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. ஆபத்துப் பகுதி தொடங்குகிறது என்று மட்டும் சொல்கிறது. அந்தப் பகுதியின் நீளம் நெடுஞ்சாலையில் 4 கி.மீ., ஊருக்கு வெளியே உள்ள சாலையில் 2 கி.மீ., ஊருக்குள் 300 மீட்டர். அதற்குள் ரேடார் இருக்கலாம், கூர்மையான வளைவு மட்டுமே இருக்கலாம், எதுவும் இல்லாமலும் போகலாம். கருவியை விற்பவர் ரேடாரின் துல்லியமான இடத்தைக் காட்டும் என்று பெருமைப்பட்டால், அதையே வாங்காமல் திரும்புவதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிக் காட்டுவதும் 2012 முதல் தடைக்குள் வருகிறது.

அனுமதிக்கப்பட்டவற்றில் மூன்று வழிகள் உண்டு. உங்கள் கார் புதியதாக இருந்தால் முதல் வழி அதற்குள்ளேயே இருக்கிறது. 2024 ஜூலை முதல் ஐரோப்பாவில் பதிவாகும் எல்லாப் புதிய கார்களிலும், சாலைப் பலகையைக் கேமராவால் படித்து வேக எல்லையைக் காட்டி, மீறினால் எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். சிணுங்கல் எரிச்சலாக இருக்கிறது என்று பலர் கார் எடுத்ததும் அதை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள், நீங்கள் தேடும் கருவி அதுதான்.

இரண்டாவது வழி கைபேசிச் செயலி. வேஸ் இந்தத் தீவிலும் நிறையப் பேர் பயன்படுத்தும் செயலி. அதற்குக் கட்டணம் இல்லை. மூன்றாவது, தனித் திரையும் தனி சிம்மும் உள்ள கருவி. மாதச் சந்தாவோடு வரும். இதில் ஒரு பொறி உண்டு. பெட்டியின் மேல் பிரான்ஸ் என்று அச்சிட்டிருப்பதால் ரீயூனியனும் சேர்ந்தது என்று கொள்ள வேண்டாம். வரைபடத்தில் தீவு இருக்கிறதா, உள்ளிருக்கும் சிம் இங்குள்ள வலைப்பின்னலில் வேலை செய்யுமா, நேரடித் தகவலைத் தருவதற்கு இங்கே போதிய பயனர்கள் இருக்கிறார்களா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் விட்டுவிடுங்கள்.

என் முடிவு: நல்ல தாங்கியில் நிறுத்திய கைபேசியும், காரின் ஃபியூஸ் பெட்டியிலிருந்து வரும் நிலையான மின்னிணைப்பும் பெரும்பாலானோருக்குப் போதும். தனிக் கருவிக்குச் செலவழிக்கும் பணத்தைத் தாங்கிக்கும் ஒயர் வேலைக்கும் செலவழிப்பதே மேல்.

5. வாங்கும் இடமும் செலவும்

தாங்கியும் மின்மாற்றியும் இங்குள்ள கார் உதிரிபாகக் கடைகளிலேயே கிடைக்கின்றன. பிரான்சின் பெருநிலத்திலிருந்து வரவழைத்தால் விலைக்கு மேல் 8.5 சதவீத வரியும், பொருளைப் பொறுத்து ஒக்த்ருவா தெ மேர் என்ற, தீவுக்குள் வரும் பொருள்களுக்கான வரியும், கூரியர் நிறுவனம் வசூலிக்கும் கையாளும் கட்டணமும் சேரலாம். 20 யூரோப் பொருளுக்கு அது கட்டுப்படியாகாது. எனக்கு ஆனவை: தாங்கி 18 யூரோ, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் பெட்டியும் ஃபியூஸ் கவ்வியும் 27 யூரோ, ஒரு மணி நேரக் கூலி 65 யூரோ.

6. பொருத்துங்கள்

முதலில் இடம். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும் காரில், அதற்கு வலப்பக்கம், டேஷ்போர்டின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, கண்ணைச் சாலையிலிருந்து நெடுநேரம் எடுக்காமல் பார்க்கக்கூடிய இடமே நல்லது. முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டிப் பார்வையை மறைத்தால் அதற்குத் தனி அபராதம் உண்டு. ஏர்பேக் என்று பொறித்த மூடியின் மீதோ அது விரியும் பாதையிலோ எதையும் ஒட்டாதீர்கள். விபத்தின்போது அந்தக் கைபேசி உங்கள் முகத்தை நோக்கி எறியப்படும். வெயில் நேராக விழும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். கடலோரத்தில் நண்பகல் நிறுத்திவிட்டுப் போன காரின் முன்கண்ணாடிக்கு அடியில் கைபேசியை விட்டால் மின்கலம் கெடும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் தாங்கிகளும் அந்தச் சூட்டில் கழன்று விழுகின்றன. காற்றுத் துவாரத்தில் கவ்வும் தாங்கியோ டேஷ்போர்டில் திருகும் தாங்கியோ நீடிக்கும்.

தனிக் கருவியை முன்கண்ணாடியில்தான் ஒட்ட வேண்டும் என்றால், உங்கள் கண்ணாடி வெப்பத்தைத் திருப்பும் உலோகப் படலம் உள்ளதா என்று பாருங்கள். பிரெஞ்சுத் தயாரிப்புக் கார்கள் பலவற்றில் அது உண்டு. ஜிபிஎஸ் சமிக்ஞையை அது தடுக்கும். அத்தகைய கண்ணாடியில் நடுக் கண்ணாடிக்கு அருகே புள்ளிகளால் சூழப்பட்ட ஒரு சிறு பரப்பு படலமில்லாமல் விடப்பட்டிருக்கும். கருவியின் இடம் அதுவே.

அடுத்தது மின்சாரம். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சார்ஜர் ஐந்து நிமிட வேலை. ஆனால் கியருக்கு அருகே தொங்கும் ஒயர் கையில் மாட்டும். தீவின் தெற்கிலுள்ள சென்-பியேர் போய்த் திரும்பும் அளவுக்குத் தினமும் ஓட்டுபவர்கள் ஃபியூஸ் பெட்டியிலிருந்தே இணைப்பது நல்லது. நானே செய்தபோது இரண்டரை மணி நேரம் பிடித்தது. தவறாகச் செய்து, பிறகு கராஜில் ஒரு மணி நேரத்தில் சரிசெய்தார்கள். நான் செய்த தவறு, எப்போதும் மின்சாரம் ஓடும் ஃபியூஸில் இணைத்தது. மூன்று நாள் கார் எடுக்காமல் இருந்தபின் பேட்டரி இறங்கி இஞ்சின் கிளம்பவில்லை.

சரியான முறை இது. கார்க் கையேட்டைப் பார்த்து, வானொலி, சிகரெட் லைட்டர், பின் கண்ணாடித் துடைப்பான் போன்ற பாதுகாப்போடு தொடர்பில்லாத ஒரு ஃபியூஸைத் தேர்ந்தெடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், இஞ்சின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்களைத் தொடவே கூடாது. மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்: சாவி அணைந்திருக்கும்போது பூஜ்யமும், சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட்டும் காட்டும் ஃபியூஸே உங்களுக்கு வேண்டியது. சாவியை அணைத்தபின் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி அளங்கள். சில கார்களில் மின்சாரம் தாமதித்தே நிற்கும். பிறகு பேட்டரியின் எதிர்மின் (–) முனையைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் கவ்வியின் ஒரு துளையில் காரின் பழைய ஃபியூஸையும் மற்றதில் 3 ஆம்பியர் புதிய ஃபியூஸையும் போட்டுச் சொருகுங்கள். கவ்வி வாங்கும்போது பழைய ஃபியூஸைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். பல அளவுகள் உண்டு, கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். மின்சாரத்தை மாற்றும் பெட்டியின் கறுப்பு ஒயரைப் பெயின்ட் இல்லாத உலோகத்தில் இறங்கும் போல்ட்டில் இறுக்க வேண்டும். ஒயரை டேஷ்போர்டின் அடி விளிம்பு வழியாகக் கொண்டுசென்று, பெடல்களுக்கு மேல் தொங்காதபடி கட்டுங்கள். கண்ணாடி ஓரத் தூணுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கலாம் என்பதால் அதைத் திறக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பேட்டரியைக் கழற்றினால் சில கார்களில் வானொலி ரகசிய எண் கேட்கும். கழற்றும் முன் அந்த எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

7. கருவிக்குத் தெரியாதவற்றை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

பொருத்தி முடித்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கருவி காட்டும் வேக எல்லை, காய்ந்த சாலையில், பழைய பெர்மி உள்ளவருக்கான எல்லை. தீவின் மேற்கிலுள்ள ரூத் தெ தமரேன் நெடுஞ்சாலையில் திரையில் 110 என்று தெரியும். சோதனைக் காலத்தில் இருப்பவருக்கு அங்கே எல்லை 100. மழை பெய்தால் எல்லாருக்குமே 100. தீவின் கிழக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு மழை விதி விதிவிலக்கன்று, அன்றாடம். ப்ளேன்-தெ-பால்மிஸ்த் வழியாக மேலேறும்போது மூடுபனி இறங்கி 50 மீட்டருக்கு அப்பால் தெரியாவிட்டால், எந்தச் சாலையானாலும் எல்லை 50 மட்டுமே. இவை எதுவும் செயலிக்குத் தெரியாது. ஆகவே சோதனைக் காலத்தில் இருப்பவர்கள், செயலியில் எச்சரிக்கை எப்போது ஒலிக்க வேண்டும் என்ற அமைப்பை எல்லையைத் தொடும்போதே ஒலிக்கும்படி வைத்து, 110 சாலைக்கு 100-ஐ மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

எல்லைக்கு மேல் சிறிது போகலாம், சலுகை உண்டு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நிலையான ரேடார் அளந்த வேகத்தில் 100 கி.மீ.க்குக் கீழ் 5 கி.மீ.யும், அதற்கு மேல் 5 சதவீதமும் கருவியின் பிழைக்காகக் கழிக்கப்படுகின்றன என்பது உண்மை. 80 சாலையில் 91 என்று அளந்தால் 86 என்று எழுதுவார்கள்; அப்போதும் 68 யூரோவும் ஒரு புள்ளியும் போகும். 2024 தொடக்கம் முதல், மீறல் 5 கி.மீ.க்குக் குறைவாக இருந்தால் புள்ளி போவதில்லை. அபராதம் அப்படியே இருக்கிறது. ஊருக்குள் 50 எல்லையை மீறினால் சிறு மீறலுக்கும் 135 யூரோ.

மலைப்பகுதியிலுள்ள சிலாவோஸுக்கும் சலாஸிக்கும் போகும் வழியில் கைபேசி வலைப்பின்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். பாதையை வீட்டில் கிளம்பும் முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள். மேலும், மது, போதைப் பொருள் சோதனை நடக்கும் பகுதிகளில் எச்சரிக்கைகளை இரண்டு மணி நேரம் வரை மறைக்கும்படி அதிகாரிகள் செயலி நிறுவனங்களுக்கு உத்தரவிடலாம். கருவி மௌனமாக இருப்பதால் சாலை காலியாக இருக்கிறது என்று பொருளில்லை.

ஓடும்போது கைபேசியைக் கையில் எடுத்தால் 135 யூரோவும் 3 புள்ளிகளும். காதில் இயர்போன் மாட்டியிருந்தாலும் அதே தண்டனை. தாங்கியில் இருக்கும் திரையில் வழிகாட்டலுக்குப் பதிலாகப் படம் ஓடினால் அபராதம் 1500 யூரோ வரை போகும். பின்னிருக்கைப் பிள்ளைகளுக்காக முன்திரையில் கார்ட்டூன் போடும் பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. கடிதம் வந்துவிட்டால்

நாட்கள் கடிதம் உங்கள் பெட்டியில் விழுந்த தேதியிலிருந்து எண்ணப்படுவதில்லை. கடிதத்தில் அச்சிட்டிருக்கும் அனுப்பிய தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன. கடிதங்கள் பெருநிலத்திலிருந்து வருவதால் முதல் வாரம் வழியிலேயே போய்விடலாம். 15 நாட்களுக்குள், இணையத்தில் கட்டினால் 30 நாட்களுக்குள், 135 யூரோ அபராதம் 90 ஆகவும் 68 யூரோ 45 ஆகவும் குறையும். 45 நாட்கள், இணையத்தில் 60 நாட்கள் தாண்டினால் அவை 375, 180 என்று ஏறும்.

காரை அன்று வேறொருவர் ஓட்டியிருந்தால் பணம் கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஏற்றதாகி, புள்ளி உங்களுடையதிலிருந்து போகும். 45 நாட்களுக்குள் கடிதத்தில் உள்ள எண்களைக் கொண்டு அரசுத் தளத்தில் நுழைந்து, ஓட்டியவரின் பெயர், முகவரி, பெர்மி எண் ஆகியவற்றைத் தெரிவியுங்கள். யார் ஓட்டினார் என்று நினைவில்லையென்றால் ரேடார் எடுத்த படத்தை அனுப்பும்படி இலவசமாகக் கேட்கலாம். ஆனால் படம் வரும்வரை நாட்கள் நிற்பதில்லை. கேட்பதானால் கடிதம் கிடைத்த அன்றே கேளுங்கள்.